அகத்தியமலை உச்சியில் ஒரு குடில்: மேலே சுமந்தது யார்?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு வருஷத்தை மனசுல வெச்சுக்கோங்க. 1855.

ஆல்ப்ஸ் மலை வீடியோ பார்க்காத ஆள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். பாறை விளிம்புல ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம், காத்துல ஆடுற ஜாக்கெட், கடைசியில தூரத்துல ஒரு மரக் குடில். அந்தக் குடில்கள் ஒரு காலத்தில் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டவை. சுவிஸ் ஆல்பைன் கிளப் தன்னுடைய முதல் குடிலை டோடி மலையில் கட்டியது 1863ல்.

அதுக்கு 8 வருஷம் முன்னாடியே, ஆல்ப்ஸுக்கு ரொம்ப தூரத்துல, திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவுல இருக்கிற அகத்தியமலை உச்சியில் ஒரு குடில் நின்றது. அது டிரெக்கிங் வர்றவங்க தங்கறதுக்காகக் கட்டுனது இல்ல. பூமியின் காந்தத்தை அளக்கறதுக்காகக் கட்டுனது.

கட்டியவர் பேர் ஜான் ஆலன் ப்ரௌன். பணம் கொடுத்தவர் திருவிதாங்கூர் மன்னர். இந்த ரெண்டு பேரும் தேடினால் கிடைக்கும். இன்னைக்கு நான் பேசப் போறது மூணாவது ஆளைப் பத்தி. அந்தக் குடிலை மேலே சுமந்துட்டுப் போன ஆள்.

மலை எப்படி இருக்கும்?

அகத்தியமலை, அகத்தியர்கூடம், பொதிகை. எந்தப் பேர் சொன்னாலும் ஒரே தொடர்தான். உச்சி 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கிற மலை. சங்கப் புலவர்களுக்கே இது பெரிய பேர். புறநானூற்றின் 2ஆம் பாட்டு ஒரு சேர மன்னனை வாழ்த்தும்போது இமயத்தையும் பொதியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சொல்லுது.

இன்னைக்கு அங்கே ஏற நினைத்தால் வழக்கமான வழி கேரளப் பக்கம் போணக்காட்டிலிருந்து. போணக்காடு ஒரு பழைய தேயிலைத் தோட்டம். வருஷத்தின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும், வனத்துறை அனுமதியோட, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து அனுப்புவார்கள். முதல் நாள் காட்டுக்குள் நடந்து அதிருமலை முகாமில் தங்கல். அடுத்த நாள்தான் உச்சி.

கீழே அடர்ந்த மழைக்காடு. மேலே போகப் போக மரம் குட்டையாகும், பிறகு புல், பிறகு வெறும் பாறை. கடைசிப் பகுதியில் கயிறைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறணும். ஒதுங்க மரம் கிடையாது. அரபிக்கடல் பக்கமிருந்து வர்ற காத்து நேரா மேல மோதும். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பனி விழாது, அவ்வளவுதான். மத்தபடி நாம வீடியோவுல பார்க்கிற திறந்த மலைப்பாதைக்கு நம்ம பக்கத்து அசல் உதாரணம் இதுதான்.

இன்னைக்கு நாம ரெயின் கோட், ட்ரை ஃப்ரூட்ஸ், பவர் பேங்க் எல்லாம் எடுத்துட்டு ஏறுறோம். ரெண்டு நாள்ல முட்டி கழண்டுடும். இதே மலையில 1855ல் ஒரு கட்டடத்தையே ஏத்தியிருக்காங்க. ஏன்?

காந்த ஊசி ஏன் ஆடுது?

காந்த ஊசி வடக்கைக் காட்டும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது முழு உண்மை இல்ல. துல்லியமா அளந்து பார்த்தா, ஊசி ஒரு நாளில் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, மறுபடி திரும்பி வருது. தினமும். சில நாள் திடீரென்று கன்னாபின்னாவென்று ஆடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது உலகத்தின் பெரிய அறிவியல் புதிர். 1830களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் காஸ், வெபர் ரெண்டு பேரும் சேர்ந்து, பல ஊர்களில் ஒரே நேரத்தில் அளவெடுக்கிற ஒரு வலையமைப்பை உண்டாக்கினார்கள். பிறகு பிரிட்டிஷ்காரர்கள் டொராண்டோ, செயின்ட் ஹெலினா, ஹோபார்ட் என்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் அமைத்தார்கள். நம்ம மொழியில சொன்னா, உலகம் முழுக்க சென்சார் நட்டு, ஒரே டைம்ஸ்டாம்ப்புல லாக் எடுக்குறது.

திருவனந்தபுரத்தில் ஏற்கெனவே ஒரு ஆய்வகம் இருந்தது. 1837ல் சுவாதித் திருநாள் மன்னர் தொடங்கியது. முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அந்த இடத்தின் சிறப்பு, அது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. காந்த நடுக்கோடு என்றால், நடுவில் தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் சாயாமல் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கிற கோடு. இன்றைக்கும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கக் காரணம் இதுதான்.

கால்டிகாட் 1849ல் இறந்துவிட்டார். 1852 ஜனவரியில் ப்ரௌன் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்துக்காரர், வயது 34. அதற்கு முன் ஸ்காட்லாந்தில் மேக்கர்ஸ்டன் காந்த ஆய்வகத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். ஆள் சும்மா இருக்குற ரகம் இல்ல. திருவனந்தபுரம் அருங்காட்சியகம் 1857ல் திறந்ததற்குப் பின்னாலும் இவர் இருக்கிறார்.

அவருடைய கேள்விகளில் ஒன்று இது: தரை மட்டத்தில் ஊசி ஆடுகிற மாதிரியே மலை உச்சியிலும் ஆடுமா? உயரம் மாறினால் அளவு மாறுமா? அதைப் பார்க்க ரெண்டு இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரிக் கருவி வைத்து அளக்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 6,200 அடி உயரத்தில் என்று அவர் கணக்கிட்ட அகத்தியமலை நின்றுகொண்டிருந்தது.

ஒரு கட்டடம் எப்படி மலை ஏறும்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். வரலாற்றுப் புத்தகத்துல இது ஒரே வரிதான். "1855ல் அகத்தியமலையில் ஆய்வகம் அமைத்தார்." அவ்வளவுதான். அமைத்தார்! ஒருமை!

அந்த ஒரு வரியைப் பிரிச்சுப் பாருங்க. முதல்ல காட்டுக்குள்ள பாதை வெட்டணும். யானை, புலி, அட்டை நடமாடுற காடு. உச்சியில் மரம் இல்லை, அதனால கட்டடத்துக்கான மரம் கீழிருந்து வரணும். காந்தம் அளக்கிற அறையில் இன்னொரு தொல்லை: இரும்பு இருக்கக் கூடாது. ஒரு ஆணி கூட அளவைக் கெடுக்கும். அப்புறம் கருவிகள். நூலில் தொங்குகிற காந்தக் கட்டை, அதன் அசைவைப் பார்க்கத் தொலைநோக்கி, காற்றழுத்தமானி, கடிகாரம். காற்றழுத்தமானி என்றால் நீளமான கண்ணாடிக் குழாய் நிறையப் பாதரசம். அதைத் தலையிலோ தோளிலோ வைத்து, கயிறு பிடித்து ஏறுகிற பாறையில், உடையாமல் கொண்டு போகணும். கழுதை ஏறாது. மாட்டு வண்டி நினைச்சே பார்க்க முடியாது. மனுஷன்தான்.

அதுக்கப்புறம் அரிசி. விறகு. விளக்குக்கு எண்ணெய். காகிதம், மை. இது ஒரு தடவையோட முடியுற வேலை இல்ல, குடிலில் ஆள் இருக்கிற வரைக்கும் தொடர்ந்து போய்ச் சேரணும். சப்ளை செயின்னு நாம ஸ்டைலா சொல்றோமே, அதுல இருந்த ஒவ்வொரு கண்ணியும் ஒரு முதுகு.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரையும் சேர்த்துப் பார்க்கணும். "ஊழியம்" என்ற பெயரில் கீழே வைக்கப்பட்ட சாதியினரிடம் கூலி இல்லாமல் அரசு வேலை வாங்குகிற வழக்கம் இருந்த சமஸ்தானம் அது. அடிமை முறையை ஒழிக்கும் மன்னரின் அறிவிப்பு 1855 ஜூன் 24ஆம் தேதிதான் வந்தது. ஆமா, அதே 1855. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாதான் ரெண்டுக்கும் மன்னர். ஒரு பக்கம் உலகத் தரத்தில் காந்த ஆய்வு, இன்னொரு பக்கம் மனுஷனை மனுஷன் விற்கக் கூடாது என்று அப்போதுதான் சட்டம். "அமைத்தார்" என்கிற சொல்லைப் படிக்கும்போது, யார் யாரிடம் வேலை வாங்க முடிந்த காலம் அது என்பதும் கூடவே ஞாபகம் இருக்கட்டும்.

குடிலுக்குள்ளே யார்?

இப்ப ஒரு சின்ன லாஜிக் கேள்வி. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல அளக்கணும். ப்ரௌன் ஒரே ஆள். அப்போ இன்னொரு இடத்துல யார் இருந்தது?

பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்கள். காந்த ஆய்வகங்களில் அன்றைய நடைமுறை மணிக்கு மணி அளவெடுப்பது, ராத்திரி பகல் பார்க்காமல். அசைவைப் புகைப்படத் தாளில் தானாகப் பதிய வைக்கிற உத்தி கிரீனிச்சில் 1840களின் கடைசியில் வந்துவிட்டது. ஆனால் அப்படி ஒரு வசதி இல்லாத இடத்தில் கண்தான் சென்சார், கைதான் டேட்டாபேஸ்.

கற்பனை பண்ணிப் பாருங்க. திருவனந்தபுரத்து வெக்கையில் வளர்ந்த ஒரு பையன். கடல் மட்டத்தை விட 11, 12 டிகிரி குறைவான குளிர். சுத்தி மேகம். கூரையைப் பிடுங்குற காத்து. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து, விளக்கைத் தூக்கி, தொலைநோக்கியில் கண் வைத்து, ஒரு கோடு அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதணும். அவன் தூங்கிட்டு ஒரு நம்பரை இட்டுக்கட்டி எழுதினா, உலக அறிவியல்ல ஒரு பொய் போய் உட்காரும். அவன் நேர்மையாத்தான் எழுதணும். இந்த ஆராய்ச்சியோட நம்பகத்தன்மை மொத்தமும் அந்த முகம் தெரியாத ஆளோட தூக்கத்துல தொங்கிட்டு இருந்துச்சு.

நம்ம ஃபீல்டுல ராத்திரி ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இந்த வலி கொஞ்சமாவது புரியும். நமக்கு ஏசி, ஸ்விக்கி, லேப்டாப். மூணு மணி மட்டும்தான் ரெண்டு பேருக்கும் பொது.

இடிந்தது, மறுபடி எழுந்தது

1860ல் ப்ரௌன் ஐரோப்பாவுக்குப் போனார். அவர் இல்லாத இடைவெளியில் உச்சிக் குடில் பாழடைந்துபோனது. மலை தன் வேலையைக் காட்டிவிட்டது. திரும்பி வந்து 1863ல் மறுபடி கட்டினார். கவனிச்சீங்களா? சுவிஸ்காரர்கள் டோடி மலையில் முதல் குடில் கட்டுன அதே வருஷம். நம்ம மலையில அது ரெண்டாவது குடில்.

மறுபடி கட்டினார் என்றால் மறுபடி சுமந்தார்கள் என்று அர்த்தம்.

1865ல் ப்ரௌன் ஊரை விட்டுக் கிளம்பினார். 13 வருஷ உழைப்பு. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்த அளவுகள் 1874ல் லண்டனில் பெரிய நூலாக வெளிவந்தன. ராயல் சொசைட்டியின் ராயல் பதக்கம் 1878ல் கிடைத்தது. 1879 நவம்பரில் இறந்துபோனார்.

கண்டுபிடிச்சது என்ன? அவருடைய பேர் நிற்கிறது ரெண்டு விஷயத்துக்காக. பூமியின் காந்த விசை அங்கங்கே தனித்தனியாக இல்லாமல், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கூடிக் குறைகிறது என்று காட்டினார். அப்புறம், இந்த ஏற்ற இறக்கத்தில் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்புகிற ஒரு தாளம் இருக்கிறது, அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்புடையது என்று சொன்னார். இன்றைக்குச் சூரியப் புயல் வந்தால் சாட்டிலைட்டுக்கு என்ன ஆகும் என்று பேசுகிறோம் இல்லையா, அந்தப் பேச்சின் ஆரம்பப் பக்கங்களில் நம்ம மலையும் இருக்கிறது.

ஊசி தினமும் ஏன் ஆடுது என்பதற்கான விடை பிறகுதான் தெளிவானது. பகல் நேரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறுகிற மேல் வளிமண்டலத்தில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், மின்னோட்டம் ஓடுகிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே அது ஒரு ஆறு மாதிரி குவிந்து பாயும். சிட்னி சாப்மன் 1951ல் அதற்குப் பேர் வைத்தார். தமிழில் நடுக்கோட்டு மின்தாரை என்று சொல்லலாம். ப்ரௌனோட ஆட்கள் 2 கிலோமீட்டர் ஏறினார்கள். விடை 100 கிலோமீட்டர் மேலே ஓடிட்டு இருந்தது.

அதுக்காக அந்த ஏற்றம் வீண் இல்ல. நம்ம வேலையிலயும், "காரணம் இங்க இல்ல"ன்னு உறுதியா சொல்ல ஒரு நல்ல லாக் வேணும்ல?

அதே மலை, 132 வருஷம் கழித்து

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா, "பாவம், சுமந்தவங்க பேர் இல்ல"ன்னு பெருமூச்சு விட்டுட்டுப் போயிருப்போம். ஆனா அகத்தியமலையில இன்னொரு நடை நடந்துச்சு. 1987 டிசம்பர்.

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் காணி மக்கள். காணிக்காரர்கள் என்றும் சொல்வார்கள். கேரளப் பக்கமும் இருக்கிறார்கள், நம்ம பக்கம் பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பகுதியிலும் இருக்கிறார்கள். 1987ல் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு, பழங்குடிகளின் தாவர அறிவைப் பதிவு செய்ய இந்தக் காட்டுக்குள் போனது. வழிகாட்ட வந்தவர்கள் காணிகள்.

ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குது. காணிகளோ ஒரு சின்னப் பழத்தை அப்பப்போ வாயில் போட்டுக்கொண்டு அசராமல் நடக்கிறார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்ன பிறகு களைப்பு குறைந்தது என்று குழு உணர்ந்தது. என்ன செடி என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. அது வெளியாட்களிடம் சொல்லக் கூடாத அறிவு. பிறகு சொன்னார்கள்: ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பேர் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ்.

பாலோட்டில் இருக்கிற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதை வைத்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தார்கள். 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகை, விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. முக்கியமான வரி இதுதான்: ரெண்டிலும் பாதி காணிகளுக்கு. பணத்தை வாங்க 1997ல் காணிகளுக்கென்று ஒரு டிரஸ்ட் பதிவானது. 1999ல் பணம் வந்து சேர்ந்தது. 2002ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்று வழிகாட்டிகளின் பேரோடு எழுதுகிறார்கள். 1855க்கும் 1987க்கும் என்ன வித்தியாசம்? மலை அதே மலை. ஏறுன விஞ்ஞானிகள் அதே மாதிரி மூச்சு வாங்குனவங்க. முன்னாடி நடந்தவங்களும் வழி தெரிஞ்சவங்கதான். வித்தியாசம் பதிவேட்டுல. "யார்கிட்ட கத்துக்கிட்டோம்" என்கிற கேள்விக்கு ஒரு காலம் போட்டாங்க. அந்தக் காலத்துல ஒரு பேர் எழுதுனாங்க. பேர் இருந்ததால்தான் பங்கு கேட்க முடிஞ்சது.

இதை ரொம்ப இனிப்பா முடிச்சிடக் கூடாது. சிக்கல் நிறைய வந்தது. காட்டில் செடியைப் பயிரிட்டு விற்க வனத்துறை தடை சொன்னது. காணிகளுக்குள்ளேயே, வைத்தியம் தெரிந்த மூத்தவர்கள் சிலர், இதை வெளியே விற்றதே தப்பு என்றார்கள். எல்லாக் காணிக் குடியிருப்புக்கும் பணம் சமமாகப் போகவில்லை என்ற குறையும் இருந்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஜீவனி என்ற பேரையே டிரேட்மார்க் செய்துகொண்டது.

பேர் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லலை. ஆனா பேர் இல்லாத இடத்துல இந்தச் சண்டை கூட நடக்காது. 1855ல் சுமந்தவரின் பேரனால் யாரிடம் போய் என்ன கேட்க முடியும்?

நம்ம பக்கத்துக்கு வருவோம்

நான் இதைப் பேசிட்டு இருக்கிறது ஓசூர்ல இருந்து. சனிக்கிழமை காலையில பெங்களூர் நம்பர் பிளேட் வண்டிகள் தளி ரோட்டில் வரிசையா போறதைப் பார்க்கிற ஊர். அந்தப் பக்கம் போனால் ஜவளகிரி. ஒரு பக்கம் பொம்மசந்திராவும் சிப்காட்டும், இன்னொரு பக்கம் பன்னேருகட்டாவோடு ஒட்டிய காடு. வருஷா வருஷம் கேழ்வரகு அறுவடை நெருங்கும்போது, பன்னேருகட்டாவிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாகத்தான் உள்ளே வரும்.

அங்கே அகத்தியமலை மாதிரி உச்சி இல்லை. ஆனால் குடில் உண்டு. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தங்குகிற முகாம்கள். பெரும்பாலும் சுத்துவட்டார கிராமத்து ஆட்கள், பழங்குடி இளைஞர்கள். நம்ம காலத்துல மணிக்கு மணி அளவெடுக்கிறவங்க இவங்கதான்.

ஒரு எண் சொல்றேன். 2024 மே மாதம் எடுத்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் யானைகள் 3,063. செய்தியில் பார்த்திருப்பீங்க, ஷேர் பண்ணியிருப்பீங்க. அந்த எண் எப்படி வருது தெரியுமா? காட்டைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து, ஆட்கள் நடந்து நேரில் பார்த்து எண்ணுவது ஒரு நாள். நேர்கோட்டில் நடந்து சாணத்தை எண்ணுவது ஒரு நாள். தண்ணீர்க் குட்டை பக்கத்தில் உட்கார்ந்து வர்ற யானையைப் பதிவது ஒரு நாள். ஓசூர் வனக்கோட்டமும் அதில் உண்டு. 3,063 என்கிற நாலு இலக்கத்துக்குப் பின்னால், மே மாத வெயிலில் நடந்த கால்கள் இருக்கு.

அந்தப் பக்கம் ஒரு காவலர் அண்ணன்கிட்ட பேசிட்டு இருந்தேன். என் போனில் மேப் காட்டினேன். ஒரு ஓடையைக் காட்டி, "இதுக்கு மேப்புல பேரே இல்லண்ணா"ன்னேன்.

"உங்க மேப்புல இல்ல தம்பி. எங்களுக்குப் பேர் இருக்கு"ன்னார். கன்னடத்துல ஒரு பேர் சொன்னார், தமிழ்ல ஒரு பேர் சொன்னார். ரெண்டும் அந்த ஓடைக்கு யானை எப்போ வரும் என்பதைச் சொல்ற பேர்.

பேரே ஒரு டேட்டா. அது நம்ம மேப்புல இல்லாததால காட்டுல இல்லைன்னு ஆகிடாது.

இதுல நம்ம உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத் தீயில் 23 பேர் இறந்தார்கள். நம்மை மாதிரி நகரத்துப் பசங்க நிறைய பேர். காய்ந்த புல் மலை, தீ சீசன், அனுமதி பெறாத பாதை. அன்றைக்கு முதலில் மேலே ஓடியவர்களில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அதே வருஷம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை முறைப்படுத்தி ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அதில் ஒன்று. ஒவ்வொரு பாதையிலும் காட்டை ஒட்டிய ஊர்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருகிறார்கள், கூலியோடு.

இது நல்ல மாற்றம். ஆனா டிரெக் முடிஞ்சு வந்து நாம போடுற போஸ்ட்டைப் பாருங்க. "கான்கர்டு குத்திராயன்." கூட வந்த நாலு ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணியிருப்போம். ஷூ பிராண்டைக் கூட டேக் பண்ணியிருப்போம். முன்னாடி நடந்த ஆளை? "அமைத்தார்" என்று எழுதிய அதே கைதானே இது?

அதனால் என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். அடுத்த தடவை எந்த மலைக்குப் போனாலும், வழிகாட்டி அண்ணன், அக்கா யாராக இருந்தாலும் முதல்ல பேர் கேளுங்க. அவங்க சம்மதிச்சா உங்க போஸ்ட்டுல, வீடியோவுல அந்தப் பேரைப் போடுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, அதுவும் அவங்க உரிமை. அவங்க சொல்லுற செடி, ஓடை, பாறைப் பேரை எழுதினா, யார் சொன்னதுன்னு சேர்த்து எழுதுங்க. இடத்தை மட்டும் லொகேஷன் போட்டுப் பரப்பாதீங்க. யானையும் அந்த வழியாத்தான் போகணும்.

ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. ஒரு ரிப்போர்ட் போடும்போது, ஒரு ரிலீஸ் நோட் எழுதும்போது, ராத்திரி மூணு மணிக்கு லாக் பார்த்த ஆள் யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஒரு வரி போதும். 19ஆம் நூற்றாண்டுல காகிதம் விலை அதிகம், இடம் இல்லைன்னு கூட ஒரு சாக்கு சொல்லலாம். நமக்கு அந்தச் சாக்கும் இல்ல.

அடுத்த எபிசோட்ல இன்னொரு மலை, இன்னொரு ஆய்வகம்: 1899ல் மெட்ராஸ் வெயிலை விட்டு மலை ஏறிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வழிகாட்டி, ஒரு காவலர், ஒரு சுமைக்காரரைப் பத்திச் சொல்ல ஏதாவது இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு எனக்குக் குரல் பதிவா அனுப்புங்க. எபிசோட் தொடக்கத்துல, என் பேருக்கு முன்னாடி, அவங்க பேரை வாசிக்கிறேன்.